உடல் சொல்லும் நாழிகை

இழவு வீட்டில் அழுகுரல் இன்னும் அடங்கவில்லை. திண்ணையில் ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். "உயிர் பிரிந்தது எத்தனை நாழிகைக்கு?" என்று கேட்கிறார். கணவனை இழந்தவள் கடிகாரத்தையா பார்த்துக்கொண்டிருந்தாள்? யாரோ ஒருவர் குத்துமதிப்பாக ஒரு நேரம் சொல்ல, அவர் விரல் விட்டு எண்ணி, அவிட்டம் என்கிறார், சதயம் என்கிறார், தனிஷ்டா பஞ்சமி என்கிறார். அவிட்டம் முதல் ரேவதி வரை உள்ள ஐந்து நாள்மீன்களில் இறந்தவர் வீட்டுக்கு ஆறு திங்கள் 'அடைப்பு'. அறையைப் பூட்ட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும், தட்சணை தர வேண்டும். இறந்தது சனிக்கிழமையானால் சனிப்பிணம் தனிப் போகாதாம்! பாடையிலே ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவர். செத்தவன் ஒருவன், கூடச் சாவது பாவம் அந்தக் குஞ்சு.

இதே கேள்வியைக் கேட்பவர் இன்னொருவரும் உண்டு. அவர் நீதிபதி. அவர் நாள்மீனைக் கேட்பதில்லை. "இவன் இறந்து எத்தனை மணி நேரமாயிற்று?" என்று மருத்துவரைக் கேட்கிறார். பஞ்சாங்கக்காரருக்குக் கிடைக்கும் விடை தவறினால் போவது ஒரு படி அரிசி. நீதிபதிக்குக் கிடைக்கும் விடை தவறினால் குற்றமற்றவன் கழுத்தில் கயிறு விழும். அல்லது கொலைகாரன் கை வீசி நடப்பான்.

காரணம் எளிது. ஒருவனைக் கடைசியாக உயிரோடு கண்டது யாருடன், எப்போது என்பது கொலை வழக்குகளில் பெருஞ்சான்று. அந்த நேரத்துக்கும் சாவு நேர்ந்த நேரத்துக்கும் இடைவெளி குறுகக் குறுக, உடனிருந்தவன் பதில் சொல்லியாக வேண்டிய கடமை கூடுகிறது. இடைவெளி நீண்டால், நடுவில் வேறு எவரேனும் வந்திருக்கலாமே என்ற ஐயம் எழும். ஐயத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குப் போகும். ஆக, எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. அந்த மணிகளை எண்ணிச் சொல்ல இறந்தவன் உடலைத் தவிர வேறு சாட்சி பல வழக்குகளில் கிடையாது.

உடல் எப்படி நேரம் சொல்கிறது?

சாவு என்பது விளக்கு அணைவது போல நொடியில் முடியும் செயல் என்று நாம் எண்ணுகிறோம். யமன் பாசக்கயிற்றை வீசினான், உயிர் போயிற்று என்பது புராணம் தந்த பாடம். உடற்கூறு அறிந்தோர் கண்டது வேறு. இதயம் நின்ற பிறகும் தசைகள் சில மணி நேரம் தம் வேலையைச் செய்ய முயன்றுகொண்டிருக்கின்றன. பெரிய ஆலையில் நீராவி நின்றபின் சக்கரங்கள் சற்று நேரம் சுழன்று, பிறகு ஒவ்வொன்றாய் நிற்பது போல. எந்தச் சக்கரம் எப்போது நிற்கிறது என்பதை அளந்தால், நீராவி நின்ற நேரத்தைக் கணக்கிடலாம்.

முதலில் மனிதன் கண்டறிந்தது விறைப்பு. இறந்தவுடன் உடல் தளர்கிறது. பிறகு தாடையில் தொடங்கி, கழுத்து, கை, கால் என விறைப்பு இறங்குகிறது. இந்த வரிசையை 1811இல் எழுதி வைத்தவர் நிஸ்டன் என்ற பிரெஞ்சு நாட்டு மருத்துவர். ஏன் விறைக்கிறது என்பதற்கு விடை கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தசை சுருங்குவதற்கு மட்டுமன்று, சுருங்கிய தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் வேதிப்பொருள். உயிருள்ளவரை உடல் அதைச் செலவழித்துக்கொண்டே மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. மூச்சு நின்றால் ஆக்கம் நிற்கிறது, இருப்பு கரைகிறது, தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இருப்பு தீர்ந்ததும் தசை இழைகள் ஒன்றையொன்று பற்றிய பிடியை விட இயலாமல் அப்படியே பூட்டிக்கொள்கின்றன. 1943இல் ஹங்கேரியில் எர்டோசும், 1947இல் இங்கிலாந்தில் பேட்-ஸ்மித், பெண்டால் இருவரும் இந்த உறவைத் தெளிவாக்கினர். பிறகு தசை அழுகத் தொடங்கும்போதுதான் பூட்டு அவிழ்கிறது.

ஐரோப்பிய நூல்களில் இந்த விறைப்புக்குக் கூறப்பட்ட கால அளவு நம் நாட்டுக்குப் பொருந்தவில்லை. கல்கத்தாவில் 36 உடல்களைக் கவனித்த மெக்கன்சி என்ற மருத்துவர், விறைப்பு நீடித்த சராசரி நேரம் 19 மணி 12 நிமிடம் என்று கண்டார். ஆனால் மிகக் குறைந்தது 3 மணி, மிக அதிகம் 40 மணி! ஒரே ஊரில், ஒரே கையால் அளந்தும் இத்தனை வேறுபாடு. ஓடிக் களைத்து இறந்தவனுக்கும், காய்ச்சலில் இறந்தவனுக்கும் விறைப்பு விரைந்து வரும். அவர்கள் தசையில் ஆற்றலின் இருப்பு முன்பே குறைந்துவிட்டதல்லவா?

உடல் குளிர்வதைக் கொண்டு நேரம் அறியும் முறையும் இப்படித்தான். ஜான் டேவி என்பவர் 1839இல் வெளியிட்ட நூலில், மால்டா தீவில் இறந்த போர்வீரர்களின் உடல்வெப்பத்தை அளந்த விவரத்தைத் தந்தார். குளிர்நாட்டில் அந்தக் கணக்கு ஓரளவு உதவும். தருமபுரியின் சித்திரை வெயிலில், காற்றின் வெப்பமே உடலின் வெப்பத்தை எட்டிப் பிடிக்கும் நண்பகலில், பாறையோரம் கிடக்கும் உடல் எங்கே குளிர்வது? அங்கே வெப்பமானி ஊமை. வேதிமாற்றங்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் சிற்றூர்களில் ஒரு பேச்சு உண்டு. "முனி அடித்துவிட்டது, இரத்தம் கக்கிச் செத்தான்" என்பர். நடுச்சாமத்தில் முனியப்பன் கோயில் வழியே தனியே போனானாம், மறுநாள் வாயிலும் மூக்கிலும் இரத்தம் வழியக் கிடந்தானாம். ஊரார் பொங்கல் வைத்து, கிடா வெட்டி அமைதி கொள்வர். நடந்தது என்ன? குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இதுவரை இருந்த காவல் போய்விட்டது. அவை உடலையே உணவாகக் கொள்கின்றன. வாயு பெருகுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு இரத்தத்தின் செம்பொருளோடு கூடி, அடிவயிற்றின் வலப்புறம் முதலில் பச்சை நிறமாகத் தெரிகிறது. நம் கோடையில் அரை நாளுக்குள் அதைக் காணலாம். வயிறு உப்பி, நுரையீரலை நெருக்க, இரத்தம் கலந்த நீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளிவருகிறது. முனியப்பனுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. அந்த நாற்றத்துக்குக் காரணமான இரண்டு பொருள்களை 1885இல் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார் பிரீகர் என்ற ஜெர்மானியர்: புட்ரஸின், கடாவரின்.

இந்த மூடநம்பிக்கையைச் சிரித்துவிட்டுப் போக நம்மால் இயலாது. முனி அடித்தது என்று முடிவு கட்டிய இடத்தில் விசாரணை நின்றுவிடுகிறது. கழுத்தை நெரித்தவனும் தலையில் அடித்தவனும் அந்த முனியப்பனின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளலாம்.

அழுகலின் கணக்கு நாட்களுக்கு உதவும், மணிகளுக்கு உதவாது. மணிகளைத் தேடிய ஆராய்ச்சியாளர் கடைசியில் போய் நின்ற இடம் கண். விழிக்கோளத்தை நிரப்பி நிற்கும் கூழ் போன்ற தெளிந்த நீர் ஒன்று உண்டு. எலும்புக் குழிக்குள், உறைக்குள் காப்பாக இருப்பதால் அழுகல் அதை எளிதில் எட்டுவதில்லை. உயிருள்ள உடலில் ஒவ்வோர் அணுவும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, சோடியத்தை வெளியே தள்ளுகிறது. ஓயாமல் இறைக்கும் ஏற்றம் போன்றது அந்த வேலை. அதற்கும் ஆற்றல் வேண்டும். சாவோடு ஏற்றம் நிற்கிறது. விழித்திரையிலிருந்து பொட்டாசியம் மெல்ல மெல்லக் கசிந்து அந்தக் கூழ்நீரில் சேர்கிறது. நேரம் ஏற ஏற அளவும் ஏறுகிறது. 1959இல் நாமன் என்பவர் இறந்தோரின் கண்நீரைப் பகுத்து ஆராய்ந்தார். 1963இல் ஸ்டர்னர் ஒரு சூத்திரமே தந்தார்: ஒரு லிட்டரில் உள்ள பொட்டாசியத்தை மில்லிமோலில் அளந்து, 7.14ஆல் பெருக்கி, 39.1ஐக் கழித்தால் இறந்தபின் கழிந்த மணி நேரம் கிடைக்கும்.

ஆகா, முடிந்தது வேலை என்று எண்ணவேண்டா. 1989இல் ஜெர்மனியின் மாடேயாவும் அவருடன் பணியாற்றியோரும் மேலும் பல உடல்களை ஆராய்ந்து, 5.26ஆல் பெருக்கி 30.9ஐக் கழிக்க வேண்டும் என்றனர். போட்டுப் பாருங்கள். அளவு 10 என்று வந்தால், முதற்கணக்கு 32 மணி என்கிறது. இரண்டாவது கணக்கு 22 மணிக்கும் குறைவு என்கிறது. ஒரே துளி நீர். பத்து மணிக்கு மேல் வேறுபாடு! அந்தப் பத்து மணியில் ஒருவன் சென்னையிலிருந்து தருமபுரிக்கு வந்து கொலை செய்துவிட்டுத் திரும்பியும் போய்விடலாம். இறக்குமுன் நெடுநாள் நோயுற்றிருந்தால் கணக்கு மாறும். வெப்பம் கூடினால் கசிவு விரையும். ஆதலால் நேர்மையான மருத்துவர் "மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு இறந்தார்" என்று ஒருபோதும் சொல்லமாட்டார். "இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையே" என்பார். வினாடி சுத்தமாகச் சொல்பவர் பஞ்சாங்கக்காரர் மட்டுமே.

விஞ்ஞானம் எத்தனை பெரிய தவறும் செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்தது. 1977ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் பழைய கல்லறை ஒன்று தோண்டப்பட்டுக் கிடந்தது. அதில் தலையற்ற உடல் ஒன்று, சதை இன்னும் சிவந்த நிறத்துடன் காணப்பட்டது. எலும்பியல் அறிஞர் வில்லியம் பாஸ் வந்து பார்த்தார். இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். பின்னர் உடையையும் பற்களையும் ஆராய்ந்தபோது அது உள்நாட்டுப் போரில் 1864இல் மாண்ட கர்னல் ஷை என்பவரின் உடல் என்று தெரிந்தது. மருந்திட்டு, காற்றுப் புகா இரும்புப் பெட்டியில் வைத்திருந்ததால் உடல் கெடவில்லை. பிழை ஏறக்குறைய 113 ஆண்டு!

பாஸ் என்ன செய்தார்? தவறை மறைக்கவில்லை. ஊரறியச் சொன்னார். உடல் எப்படிச் சிதைகிறது என்பது நமக்கே சரியாகத் தெரியவில்லை என்று கூறி, தாமே விருப்பத்துடன் உடலைத் தானம் செய்தோரின் உடல்களைத் திறந்த வெளியில் கிடத்தி, நாள்தோறும் கவனிக்கும் ஆராய்ச்சிக்கூடத்தைப் பல்கலைக்கழகத்திலேயே அமைத்தார். 1981இல் அங்கே ஆராய்ச்சி தொடங்கியது. அங்கே பயின்ற வாஸ் என்பவர் 1992இல், உடலின் கீழுள்ள மண்ணில் ஊறும் கொழுப்பு அமிலங்களை அளந்தே இறந்த நாளைக் கணிக்கும் வழி கண்டார். உடலை எடுத்துச் சென்ற பின்னும் மண் சாட்சி சொல்கிறது! கணித்த நாள் பொய்த்ததென்று எந்தச் சோதிடர் இதுவரை ஏடெடுத்து எழுதினார்?

அங்கே அப்படி. இங்கே?

இந்த நாட்டில் சாவின் காரணம் அறிய உடலை அறுத்துப் பார்த்த முதல் நிகழ்ச்சியாகக் குறிக்கப்படுவது நம் சென்னையில் நடந்ததே. 1693 ஆகஸ்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் திடீரென இறந்தார். பாஷாணம் இடித்த கல்வத்தைக் கழுவாமல் அதிலேயே அவருக்கு மருந்தும் இடித்துக் கொடுத்துவிட்டார்களோ என்று ஐயம். எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் உடலைப் பரிசோதித்தார். 1849இல் இரசாயனப் பரிசோதகரின் கூடம் ஒன்று இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னையில் அமைந்தது. ஆக, நாம் பின்தங்கித் தொடங்கியவர்கள் அல்லர்.

தொடங்கினோம், ஆனால் கை தொட மறுத்தது. பிணம் தீட்டு, தொட்டவன் தீட்டு, அவன் நிழல் தீட்டு என்ற நாட்டில், படித்தவன் பிணத்தைத் தொட மாட்டான். பிணத்தைத் தொட்டவனைப் படிக்க விடமாட்டார்கள். 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்பவர் முதன்முதலாக மனித உடலை அறுத்துக் கற்றதை ஒரு புரட்சியாகவே கொண்டாட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூரிலோ சாவுச் செய்தி சொல்லப் போவதும், பறையடிப்பதும், குழி வெட்டுவதும், எரியும் உடலைக் கோலால் புரட்டுவதும் ஒரு மக்கள் தலையிலேயே சுமத்தப்பட்டன. ஆயிரம் உடல்களைத் தொட்டுத் தூக்கிய வெட்டியானுக்கு எந்த உடல் எத்தனை நேரம் கழிந்தது என்பது கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கும். அவனிடம் கேட்டு எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏடும் எழுத்தாணியும் ஓரிடத்தில், உடலும் அறிவும் வேறிடத்தில்! இன்றைக்கும் பல பிணவறைகளில் கத்தியைப் பிடிப்பவர் யார், சற்றுத் தள்ளி நின்று எழுதுபவர் யார் என்று சென்று பாருங்கள்.

இனி, தருமபுரிக்கு வருவோம். 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய காலனிகளில் ஒடுக்கப்பட்டோர் வீடுகள் தீக்கிரையாயின. அந்தக் காலனி இளைஞன் ஒருவன் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்தான், பெண்ணின் தந்தை உயிர் மாய்த்துக்கொண்டார், அன்றே தீ. மறு ஆண்டு, 2013 ஜூலை 4 அன்று, அந்த இளைஞனின் உடல் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறம், இருப்புப்பாதை ஓரத்தில் கிடந்தது. தற்கொலையா, கொலையா? நாடே கேட்டது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை நடந்தது. குடும்பத்தார் மறு பரிசோதனை கேட்டு உயர்நீதிமன்றம் சென்றனர். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து ஜூலை 13இல் மீண்டும் பரிசோதித்தனர். 14இல் அடக்கம். காவல்துறையும், அரசு அமைத்த நீதிபதி சிங்காரவேலு ஆணையமும் தற்கொலை என்றே முடிவு கூறின. அவனைப் பெற்றவர்களும், அவர்களுக்காகக் குரல் கொடுத்தோரும் அதை ஏற்கவில்லை.

அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நாம் காட்ட விரும்புவது நாட்களை. ஜூலை 4க்கும் 13க்கும் இடையே ஒன்பது நாள். விறைப்பு வந்து போயிருக்கும். உடல்வெப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குளிர்ப்பெட்டி, வேதிமாற்றங்களின் வேகத்தையே மாற்றிவிடும். கண்நீரின் கணக்கு மணிகளுக்குரியது, வாரங்களுக்குரியதன்று. ஒன்பதாம் நாள் வரும் நிபுணர், எத்தனை வல்லவராயினும், காயத்தைத் தேடலாம், முறிவைத் தேடலாம். நாழிகையைத் தேட இயலாது. நாழிகையைச் சொல்லும் சாட்சி முதல் நாளில் மட்டுமே பேசும். அந்த முதல் நாளில் மக்கள் நம்பத்தக்க வகையில், அளவுகள் குறிக்கப்பட்டுப் பரிசோதனை நடந்துவிட்டால், எந்த முடிவையும் மறுக்கவும் ஏற்கவும் ஒரு தளம் கிடைக்கும். இல்லையேல் ஐயம் தலைமுறை தலைமுறையாக நிலைக்கும்.

இரண்டாண்டு கழித்து, பழைய சேலம் மாவட்டத்தின் இன்னொரு பகுதியில், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே மீண்டும் இருப்புப்பாதை, மீண்டும் ஓர் உடல். இங்கே கடைசியாக யாருடன் காணப்பட்டார் என்பதைக் கோயிலின் கண்காணிப்புக் காமிரா வைத்திருந்தது. காமிரா சொன்ன நேரத்துக்கும் உடல் கிடைத்த நேரத்துக்கும் இடைவெளி ஒரு நாள்தான். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் எட்டுப் பேருக்கு அதை உறுதி செய்து, இருவருக்குக் குறைத்தது. தண்டவாளத்தில் கிடப்பவரெல்லாம் தாமே போய்ப் படுத்தவர் அல்லர் என்பது நிறுவப்பட்டது.

நாழிகையே கேட்கப்படாத சாவுகளும் இம்மாவட்டத்தில் உண்டு. பிறந்த பெண்குழந்தைக்கு எருக்கம்பால் புகட்டி, வீட்டுப் புறத்திலேயே புதைத்த கொடுமை நடந்த மண் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது அதனால்தானே? அந்தச் சிசுக்களுக்கு ஜாதகமும் கணிக்கப்படவில்லை, மரண விசாரணையும் நடக்கவில்லை.

மற்றொரு செய்தி. சூரியன் மறைந்தபின் பிணப் பரிசோதனை செய்யலாகாது என்ற பழைய வழக்கம் இந்நாட்டில் 2021 நவம்பர் வரை நீடித்தது. மின்விளக்கு இல்லாத காலத்துக்கு அது பொருந்தும். மாலையில் வந்த உடல் மறுநாள் காலைவரை காத்திருக்கும். அதற்குள் பன்னிரண்டு மணி நேரச் சாட்சியம் கரையும். மத்திய அரசு அந்தத் தடையை நீக்கியபோதும், கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, ஐயத்துக்குரிய சாவு ஆகியவற்றை, சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருந்தாலன்றி, இரவில் செய்ய வேண்டா என்று விலக்கி வைத்தது. நாழிகை எங்கே மிகத் தேவையோ அங்கேதான் விலக்கு!

ஆகவே, சிற்றூர்களில் பணிபுரியும் தோழர்களுக்கு ஒரு சொல். ஐயத்துக்குரிய சாவு நேர்ந்தால், கூட்டம் கூடி முழக்கமிடுமுன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். உடலைக் கழுவவும், மாலையிடவும், இரவோடிரவாக எரிக்கவும் விடவேண்டா. உடலை முதலில் கண்டவர் யார், எத்தனை மணிக்கு. வெயிலிலா நிழலிலா, நீரிலா நிலத்திலா. உடல் சூடா குளிரா, கை மடங்கிற்றா விறைத்திருந்ததா. எந்த நேரத்தில் குளிர்ப்பெட்டிக்குள் போயிற்று: இவற்றை எழுதி, கண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பரிசோதிக்கும் மருத்துவரிடம், கண்நீர் எடுத்தீர்களா, உடல்வெப்பம் குறித்தீர்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவ்வாறே அந்த மனிதனைக் கடைசியாக உயிரோடு கண்டவர் யார், யாருடன், எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே எழுதுங்கள். ஒரு வாரம் போனால் கண்டவருக்கே அது மறந்துபோகும், அல்லது மறக்கச் செய்யப்படும்.